பழைய நாற்காலிக்கும் ஃபேனுக்கும் ஸ்ப்ரே பெயின்ட்: எதில் நிற்கும், எதில் உரியும்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் துருப்பிடித்த இரும்பு மடக்கு நாற்காலிகள் நான்கு, மொட்டை மாடியில் கிடந்து வெளுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டு, மஞ்சள் ஏறிய பழைய டேபிள் ஃபேன் ஒன்று. ஸ்ப்ரே கேன் வாங்கி அடித்தால் இவற்றைப் புதிதாக்க முடியுமா? போன வருடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்கு அடித்தது இரண்டே மாதத்தில் தோல் தோலாக உரிந்துவிட்டது. விலை கூடிய கேன் வாங்கியிருந்தால் நின்றிருக்குமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். நின்றிருக்காது. அந்த நாற்காலியில் எந்தக் கம்பெனி பெயின்டை நேரடியாக அடித்திருந்தாலும் உரிந்துதான் போயிருக்கும். ஸ்ப்ரே பெயின்ட் நிற்பதும் உரிவதும் பெரும்பாலும் கேனின் மூடியைத் திறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பொருள் எதனால் ஆனது, அதன் மேற்பரப்பை என்ன செய்து வைத்திருக்கிறோம் என்ற இரண்டும்தான் கணக்கு.

நாற்காலியைக் கவிழ்த்து அடியில் பாருங்கள். முக்கோண அம்புக்குறிக்குள் 5 என்ற எண் இருக்கலாம். அப்படியென்றால் அது பாலிபுரோப்பிலீன். நம் ஊரில் கல்யாண மண்டபத்திலிருந்து டீக்கடை வரை கிடக்கும் வார்ப்பு நாற்காலிகள் பெரும்பாலும் இதுதான். வாளி, குடம், டிபன் டப்பா மூடி, கார் பம்பர் எல்லாவற்றிலும் இதே குடும்பத்துப் பிளாஸ்டிக் உண்டு. இதன் குணம், எதையும் தன்மேல் படரவிடாது. பெயின்ட் ஒரு பரப்பில் ஒட்ட வேண்டுமென்றால் முதலில் அதன்மேல் பரவி நனைக்க வேண்டும். அதற்கு அந்தப் பரப்பின் ஆற்றல் பெயின்டுடையதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். பாலிபுரோப்பிலீனுக்கு அது மீட்டருக்குச் சுமார் 30 மில்லிநியூட்டன். ஃபேன், டிவி, மிக்ஸி ஆகியவற்றின் வெளிக்கூடுகளில் வரும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக் கிட்டத்தட்ட 40. சுத்தமான உலோகத்துக்கு இதைப் போலப் பல மடங்கு. பத்து என்பது சின்ன வித்தியாசமாகத் தெரியலாம், ஆனால் ஒட்டுவதும் உரிவதும் அந்தப் பத்தில்தான் பிரிகின்றன. பாலிபுரோப்பிலீன் மேல் காய்ந்த பெயின்ட் உண்மையில் ஒட்டியிருப்பதில்லை, ஒரு உறை மாதிரி மேலே உட்கார்ந்திருக்கிறது. நாற்காலிக் கால் வளையும்போது, நகம் படும்போது, ஒரு ஓரம் கிளம்பினால் மீதியும் கூடவே வந்துவிடும்.

எண் அழிந்துபோயிருந்தால் இரண்டு எளிய சோதனைகள் உண்டு. கண்ணில் படாத அடிப்பக்கத்தில் பிளேடால் ஒரு சீவல் எடுத்து, ஒரு சொட்டு பாத்திர சோப்பு கலந்த தண்ணீரில் அமுக்கிவிடுங்கள். மிதந்து மேலே வந்தால் பாலிபுரோப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். இரண்டின் அடர்த்தியும் தண்ணீரைவிடக் குறைவு. மூழ்கினால் ஏபிஎஸ், பாலிஸ்டைரீன், பிவிசி, நைலான் என்று வேறு ஏதாவது. சோப்பு எதற்கென்றால், சின்னச் சீவலைத் தண்ணீரின் மேல்தோலே தாங்கிப் பிடித்து ஏமாற்றாமல் இருக்க. இன்னொன்று, அசிட்டோன் உள்ள நகப்பூச்சு நீக்கியை ஒரு பஞ்சுக் குச்சியில் தொட்டு மறைவான இடத்தில் வையுங்கள். பரப்பு பிசுபிசுத்தால் ஏபிஎஸ் அல்லது பாலிஸ்டைரீன். ஒன்றுமே ஆகாவிட்டால் பாலிபுரோப்பிலீன் பக்கம் சந்தேகம் வலுக்கிறது. மாவுக்கல் போன்ற நிரப்பி கலந்த பாலிபுரோப்பிலீன் தண்ணீரில் மூழ்கவும் செய்யும். அதனால் ஒரே சோதனையை நம்பாமல் இரண்டையும் செய்து பாருங்கள்.

பாலிபுரோப்பிலீனுக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. குளோரின் ஏற்றிய பாலிஒலிஃபின் என்ற பிசினை வைத்துத் தயாரிக்கும் ஒட்டுப் பூச்சு ஒன்று ஸ்ப்ரே கேனிலேயே கிடைக்கிறது. ஆட்டோ பெயின்ட் கடையில் ‘பம்பருக்கு அடிக்கிற பிளாஸ்டிக் பிரைமர்’ என்று கேளுங்கள். பிரைமர் என்றால் நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு. அது பிளாஸ்டிக்கையும் பெயின்டையும் இரண்டு கையால் பிடித்துக்கொள்ளும். வாங்கும்போது கேனின் பின்புறம் பாலிபுரோப்பிலீனுக்கு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வெறுமனே ‘எல்லாப் பரப்புக்கும்’ என்றிருப்பதை நம்ப வேண்டாம். ஏபிஎஸ்ஸுக்கு மட்டும் சரிப்படும் பிரைமர்களும் அதே அலமாரியில்தான் இருக்கும். இந்தப் பூச்சை மிக மெல்லியதாக, ஈரம் தெரிந்தும் தெரியாமலும் அடிக்க வேண்டும். அதன்மேல் நிறத்தை அடிப்பதற்குக் கேனில் ஒரு நேர வரம்பு போட்டிருப்பார்கள். பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து அரை மணி நேரத்துக்குள் இருக்கும். அதைத் தாண்டி நன்றாகக் காயவிட்டு அடித்தால் பூச்சின் பலனே குறைந்துவிடும். தொழிற்சாலையில் பம்பருக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன் தீச்சுவாலையை ஒரு நொடி தடவிப் பரப்பை மாற்றும் முறையும் உண்டு. அதை வீட்டில் பார்க்க வேண்டாம். பிளாஸ்டிக் நெளிந்துபோகும்.

ஆனால் உங்கள் இரண்டு நாற்காலிகள் விஷயத்தில் என் கருத்தை நேராகவே சொல்கிறேன்: அவற்றுக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள். காரணம் பெயின்ட் இல்லை. மொட்டை மாடி வெயிலில் வருடக்கணக்கில் கிடந்த பாலிபுரோப்பிலீன் வெளுப்பதோடு நிற்பதில்லை. புற ஊதாக் கதிர் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்து மொறுமொறுப்பாக்கிவிடுகிறது. கையால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டும். காலும் இருக்கையும் சேரும் இடத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரியும். அந்த நாற்காலி ஒருநாள் ஆள் உட்கார்ந்திருக்கும்போதே கால் பிளந்து சாயும். வயதானவர்களுக்கு அந்த விழுகை இடுப்பெலும்போடு போகிற சமாச்சாரம். பெயின்ட் அந்த வெடிப்புகளை மறைத்துவிடும், பலம் தராது. புதிது போல இருக்கும் பழைய நாற்காலியில் தயங்காமல் உட்காருவார்கள் என்பதுதான் என் பயம். அதனால் அவற்றைப் பழைய இரும்புக்கடைக்குப் போடுங்கள், அல்லது பூந்தொட்டி வைக்கப் பயன்படுத்துங்கள். தொட்டிக்கு என்றால் ஆசைக்கு நிறம் அடித்துக்கொள்ளலாம்.

சரி, இரும்பு நாற்காலிக்கு வருவோம். ஸ்ப்ரே பெயின்டுக்கென்றே பிறந்த வேலை இது. இரும்பு பெயின்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், துரு மட்டும்தான் எதிரி.

முதலில் ஸ்க்ரூடிரைவர் நுனியால் குழாயை ஆங்காங்கே, முக்கியமாகத் தரையைத் தொடும் கால் நுனியிலும் மடக்கும் கீல் அருகிலும், குத்திப் பாருங்கள். மடக்கு நாற்காலிக் குழாய் உள்ளே வெறும் ஓடு. காலுக்கடியில் இருக்கும் ரப்பர் புஷ் கழன்றுபோனால், வீடு கழுவும் தண்ணீர் உள்ளே ஏறி, துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். நுனி உள்ளே இறங்கினால் அந்த நாற்காலிக்கு வெல்டிங் வேண்டும், பெயின்ட் பிறகுதான். உறுதியாக இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். துருவைத் தேய்ப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். பலர் நேராக உப்புத்தாளை எடுத்துவிடுகிறார்கள். அதனால் மேலே இருக்கும் எண்ணெயும் கைப்பிசுக்கும் இரும்பின் கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துவிடும். கடலோரத்து ஊர் என்றால், சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி எதுவானாலும், நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுவது ரொம்ப முக்கியம். உப்பு பெயின்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் அது காற்றிலுள்ள ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். சில மாதங்களில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். அதைக் கிள்ளினால் உள்ளே புதுத் துரு.

அப்புறம் கம்பி பிரஷால் தளர்ந்த துருவைத் தட்டிவிட்டு, 80 அல்லது 120 நம்பர் எமரித் தாளால் (நம்பர் கூடக் கூடத் தாள் மென்மையாகும்) நன்றாகத் தேய்த்து, 220-ல் முடியுங்கள். பழைய பெயின்ட் உறுதியாகப் பிடித்திருக்கும் இடத்தைச் சுரண்ட வேண்டியதில்லை. பளபளப்பு போகும் அளவுக்கு 320 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாள்) தேய்த்தால் போதும். பழைய பெயின்டும் வெறும் இரும்பும் சேரும் விளிம்பை மட்டும் விரல் நுனியால் தடவினால் படி தெரியாத அளவுக்குச் சரிவாக்குங்கள். அந்தப் படி எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் மறையாது, பளபளப்பான நிறம் என்றால் இன்னும் எடுத்துக்காட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. உங்கள் நாற்காலி பழையது என்கிறீர்கள். இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) கட்டுப்படுத்திய விதி 2016-ல் வந்து, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் (எண்ணெய் சார்ந்த பெயின்டில்), முக்கியமாக மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களில், ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் பழைய பெயின்டை உலர வைத்துத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், வரும் சேற்றைப் பழைய பேப்பரில் வழித்துக் கட்டிப் போடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

துரு குழி விழுந்த இடங்களில் எமரி உள்ளே போகாது. அங்கே பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ கலந்த துரு மாற்றி பயன்படும். முதலாவது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றும். இரண்டாவது கருநீலமான ஒரு சேர்மமாக மாற்றும், தடவிய இடம் கண்ணெதிரே கறுப்பதைப் பார்க்கலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தளர்ந்த துருவின்மேல் இதைத் தடவிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. மீதி இருக்கும் துருவுக்குத்தான் இது, எல்லாத் துருவுக்கும் இல்லை.

இப்போது வெறும் இரும்பு வெளியே தெரிகிறது. இதற்கு மேல் தாமதம் கூடாது. நம் ஊர் ஈரக்காற்றில் தேய்த்த இரும்பு அன்று மாலைக்குள்ளேயே மங்கிச் செம்மை தட்டத் தொடங்கும். தின்னர் நனைத்த சுத்தமான வெள்ளைத் துணியால் ஒரே திசையில் துடையுங்கள். துணியில் அழுக்கு வருவது நிற்கும் வரை புதுப் பகுதியை மடித்து மடித்துத் துடைக்க வேண்டும். மண்ணெண்ணெய் வேண்டாம், அது எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. கொஞ்சம் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். நிஜமாகவே சுத்தமான உலோகத்தின்மேல் தண்ணீர் ஒரே மெல்லிய விரிப்பாக, கிழியாமல் வழியும். எங்காவது அந்த விரிப்பு பிளந்து முத்து முத்தாக உருண்டால் அங்கே எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். கை வைத்துப் பிடித்த இடத்தில் விரல் வடிவிலேயே தண்ணீர் விலகி நிற்பதைப் பார்த்தால், பெயின்டர்கள் ஏன் துடைத்தபின் பொருளைத் தொட விடுவதில்லை என்று புரியும். பார்த்ததும் உடனே துடைத்து, ஹேர் டிரையராலோ வெயிலிலோ காய வைத்துவிடுங்கள். இந்தச் சோதனை பாலிபுரோப்பிலீனுக்குச் செல்லாது. அதன்மேல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தண்ணீர் உருளத்தான் செய்யும்.

பிரைமரில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். நம் ஊரில் இரும்பு என்றாலே கை தானாக ரெட் ஆக்சைடு டப்பாவுக்குப் போகும். தப்பில்லை, நல்ல பொருள்தான். ஆனால் டப்பாவில் வரும் ரெட் ஆக்சைடு பெரும்பாலும் எண்ணெய் சார்ந்த ஆல்கைட், அதாவது எனாமல் குடும்பம். அதை பிரஷில் அடித்துவிட்டு மறுநாள் அதன்மேல் சீக்கிரம் காயும் ஸ்ப்ரே கேனை அடித்தால், கேனில் உள்ள வீரியமான கரைப்பான் அடியிலுள்ள பாதி காய்ந்த படலத்தை ஊற வைத்து, முழுப் பரப்பும் சுருங்கிக் கிளம்பிவிடும். ஒரே நிமிடத்தில் கண்முன்னே நடக்கும். எதற்குமேல் எது என்பதை இப்படி நினைவு வைத்துக்கொள்ளுங்கள்: சீக்கிரம் காயும் அக்ரிலிக், நைட்ரோசெல்லுலோஸ் வகைகளுக்கு மேல் எனாமல் அடிக்கலாம். எனாமலுக்கு மேல் அவற்றை அடிப்பது ஆபத்து. ரெட் ஆக்சைடுதான் என்றால் ஒரு வாரமாவது காயவிட்டு, மேலே எனாமல் வகை ஸ்ப்ரேயையே அடியுங்கள். தலைவலியே வேண்டாம் என்றால் பிரைமரையும் நிறத்தையும் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையில் வாங்குவது நல்லது. இரும்புக்கு ஜிங்க் பாஸ்பேட் உள்ள சாம்பல் நிறப் பிரைமர் கேன் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

உலோகம் எல்லாமே இரும்பு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜிஐ என்று நாம் சொல்லும் துத்தநாகம் பூசிய குழாய், தகடு ஆகியவற்றின்மேல் சாதாரண எனாமலை நேரடியாக அடித்தால், எனாமலில் உள்ள எண்ணெய் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பாக மாறி, ஒன்றிரண்டு வருடத்தில் தகடு தகடாகக் கழன்றுவிடும். கேட்டுக்கு அடித்த பெயின்ட் பாளம் பாளமாக விழுகிறது என்று புலம்புகிற பலருக்கு நடந்தது இதுதான். அதற்கும் அலுமினியத்துக்கும் எட்ச் பிரைமர் என்று தனியாக உண்டு. அதிலுள்ள சிறிதளவு அமிலம் பரப்பைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும்.

ஃபேனுக்கு வருகிறேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றுங்கள். முன்வலை, பின்வலை, இறக்கை, அடிப்பாகம் எல்லாம் தனித்தனியாக வர வேண்டும். வலை இரும்புக் கம்பி, மேலே சொன்ன அதே வைத்தியம். ஆனால் கம்பி வலையில் நீங்கள் அடிப்பதில் பெரும்பகுதி காற்றில்தான் போகும். நேராக முன்னால் நின்று அடிப்பதை விட்டுவிட்டு, வலையைக் கயிற்றில் தொங்கவிட்டு, பக்கவாட்டிலிருந்து சாய்வாக நான்கு திசையிலும் மெல்லிசாக அடித்துக்கொண்டே வந்தால் கம்பியின் எல்லாப் பக்கமும் மூடும். அடிப்பாகம் ஏபிஎஸ்ஸாக இருந்தால் அதிர்ஷ்டம். சோப்புத் தண்ணீரில் கழுவி, 400 நம்பர் வாட்டர் பேப்பரால் மேல் பளபளப்பை எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தால் போதும். தின்னர் கிட்டவே வரக் கூடாது, ஏபிஎஸ் கரைந்து வழவழத்துவிடும். அதே காரணத்தால் முதல் கோட்டிங்கையும் பனி விழுந்த மாதிரி மட்டும் அடியுங்கள். கரைப்பான் மேலோடு பறந்துவிடும். ஒரேயடியாகக் கனமாக அடித்தால் அது பிளாஸ்டிக்குக்குள் இறங்கி நுண்வெடிப்பு உண்டாக்கும்.

இறக்கையை விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் பெயின்ட் ஏறினாலும் சமநிலை கெட்டு ஃபேன் அதிர ஆரம்பிக்கும். கழுவித் துடைத்து மாட்டினால் போதும். மோட்டாரின் காற்றுத் துவாரங்கள், தண்டு, ஸ்விட்ச், வயர் நுழையும் இடம் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பும் பேப்பரும் வைத்து மூடுங்கள். செல்லோ டேப்பைப் பயன்படுத்தாதீர்கள். அது பசையை விட்டுவிட்டு வரும், விளிம்பிலும் பெயின்ட் உள்ளே கசியும்.

இனி அடிக்கும் முறை. ஸ்ப்ரே கேனில் பெயின்ட் அடைத்து விற்கும் யோசனை 1949-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் எட்வர்டு சீமோர் என்பவர் செய்து காட்டியது. அவர் மனைவி கொடுத்த யோசனை என்பார்கள். அவர் முதலில் அடைத்தது அலுமினியப் பெயின்டை. உள்ளே தள்ளுவாயுவாக இப்போது பெரும்பாலும் இருப்பது நம் அடுப்பு சிலிண்டரில் உள்ள அதே வகை வாயுதான், திரவ நிலையில். அது ஆவியாகி ஆவியாகித் தள்ளுவதால் கடைசிச் சொட்டு வரை அழுத்தம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். நிறமிகள் மட்டும் அடியில் கட்டியாகத் தங்கிவிடும். அதற்காகத்தான் உள்ளே ஒரு குண்டு. குலுக்கும்போது அது கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்த பிறகு இன்னும் இரண்டு நிமிடம் விடாமல் குலுக்க வேண்டும். நடுநடுவே மறுபடியும் குலுக்க வேண்டும். குலுக்காத கேனிலிருந்து முதலில் நீர்த்த பெயின்ட் வரும், கடைசியில் அடைத்துக்கொள்ளும்.

பொருளுக்கும் கேனுக்கும் நடுவில் ஒரு சாண் அல்லது கொஞ்சம் கூடுதல், 20-லிருந்து 30 சென்டிமீட்டர். அட்டையில் அடித்துக் கை பழகிய பிறகு ஆரம்பியுங்கள். பட்டனைப் பொருளுக்கு வெளியே, காற்றில் அழுத்தி, பொருளைத் தாண்டி, மறுபக்கம் வெளியே போன பிறகு விடுங்கள். பொருளின் மேலேயே அழுத்தித் தொடங்கினால் முதல் துப்பலில் வரும் பெரிய சொட்டு அங்கேயே விழும். மணிக்கட்டை மட்டும் விசிறி மாதிரி ஆட்டாமல் முழுக் கையும் நேராக நகர வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெலிதாகவும் விழும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூட வேண்டும். முனையில் சேரும் சொட்டை அவ்வப்போது துணியால் ஒற்றிவிடுங்கள். மூலை, இடுக்கு, குழாய் சேரும் இடம் ஆகியவற்றை முதலில் லேசாக அடித்துவிட்டு, பிறகு பெரிய பரப்புக்கு வாருங்கள்.

முதல் கோட்டிங் முடிந்ததும் பொருள் அசிங்கமாகத்தான் இருக்க வேண்டும். அடியிலுள்ள நிறம் பாதி தெரியும், புள்ளி புள்ளியாக இருக்கும். அங்கேதான் கை பரபரக்கும். இன்னொரு சுற்று அடித்து மூடிவிடலாம் என்று தோன்றும், அடித்தால் வழியும். ஐந்து பத்து நிமிடம் விட்டு இரண்டாவது, மறுபடி விட்டு மூன்றாவது என்று போகும்போது பரப்பு மூடும். கடைசிக் கோட்டிங்கை மட்டும் கொஞ்சம் ஈரமாக அடிக்கலாம். கண்ணைப் பரப்புக்குச் சாய்வாக வைத்து வெளிச்சத்தை எதிரே வைத்துப் பாருங்கள். ஈரப் பளபளப்பு கைக்குப் பின்னாலேயே ஒரே சீராக ஓடி வர வேண்டும். மணல் மணலாகத் தெரிந்தால் தூரம் அதிகம் அல்லது வேகம் அதிகம். வழிந்துவிட்டால் விரலால் துடைக்காதீர்கள். காயவிட்டு, 600 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, அந்த இடத்தில் மட்டும் மறுபடி அடித்தால் அடையாளமே தெரியாது. குட்டி வட்டங்களாகப் பெயின்ட் விலகி நின்றால் அங்கே எண்ணெயோ சிலிக்கானோ இருக்கிறது. டேஷ்போர்டு பாலிஷ், தேங்காய் எண்ணெய்க் கை எல்லாம் இதற்குக் காரணம். அதன்மேல் எவ்வளவு அடித்தாலும் விலகிக்கொண்டே இருக்கும், வழித்துவிட்டுத் துடைப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மறு கோட்டிங்குக்கான நேரத்தைக் கேனில் படியுங்கள். எனாமல் கேன்களில் ‘ஒரு மணி நேரத்துக்குள், அல்லது 24 மணி நேரத்துக்குப் பிறகு’ என்பது மாதிரி இருக்கும். சிலவற்றில் 48. அந்த இடைப்பட்ட நேரத்தில் அடித்தால்தான் படலம் சுருங்கும். சாப்பிட்டுவிட்டு வந்து ஒரு சுற்று அடிக்கலாம் என்று போய்ப் பலர் மாட்டுவது இங்கேதான்.

வெயிலும் மழையும் இதில் பெரிய விஷயம். மத்தியான வெயிலில், தொட்டால் சுடும் இரும்பின்மேல் அடித்தால் துளிகள் போய்ச் சேர்வதற்குள்ளேயே காய்ந்து பொடியாக ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அடித்தால், கரைப்பான் ஆவியாகிப் பரப்பைக் குளிர்விக்கும்போது காற்றின் ஈரம் அதில் படிந்து, கறுப்பு நிறம்கூட வெள்ளைப் புகை படிந்த மாதிரி ஆகிவிடும். காற்று அசையாத, வறண்ட காலை வேளை, வெயில் நேரடியாகப் படாத நிழல், இதுதான் சரியான இடம். தரையில் தண்ணீர் தெளித்து வைத்தால் தூசி எழாது.

அந்த நிழல் சமையலறையாக இருக்கக் கூடாது. தள்ளுவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். பூஜை விளக்கு, கேஸ் அடுப்பு, சாம்பிராணி எதுவும் பக்கத்தில் எரியக் கூடாது. மூடிய அறையில் அடிக்கவே கூடாது. என்95 முகக்கவசம் துளிகளைத் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. வாசனை வருகிறதென்றால் ஆவியும் உள்ளே போகிறது. கரிக் குப்பி பொருத்திய முகமூடி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், அதில் செலவு செய்யத் தயங்காதீர்கள். இன்னொன்று, இரண்டு பாகம் கொண்ட கேன்கள் உண்டு. அடியில் ஒரு பொத்தானை அழுத்தினால் உள்ளே கடினமாக்கி கலந்துவிடும். பைக் டேங்க் போலப் பெட்ரோல் படும் இடத்துக்கு அதுதான் நிற்கும், சாதாரண கேன் பெயின்ட் பெட்ரோல் பட்டதும் பிசுபிசுக்கும். ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுத்து ஆஸ்துமாவையே கொண்டுவரக் கூடியது. அந்த வேலையைப் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஃபேன் முடிந்ததும் கை சும்மா இருக்காது, அடுத்து என்ன என்று தேடும். ஹெல்மெட்டை எடுத்துவிடாதீர்கள். கரைப்பான் அதன் ஓட்டைப் பலவீனமாக்கும், உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற பொருளைக் கரைக்கும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாப்பாடு படும் பாத்திரங்களுக்கும் வேண்டாம். பைக் சைலன்சருக்குச் சாதாரண கேன் பொசுங்கிவிடும், சிலிக்கான் கலந்த வெப்பம் தாங்கும் பெயின்டுதான் வேண்டும். குரோம் என்று எழுதிய கேன் கண்ணாடி மாதிரி மின்னும் என்று மூடியைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். கை பட்டால் ஒட்டிக்கொண்டு வரும், அதைத் தடுக்க மேலே கிளியர் என்ற நிறமில்லாத பூச்சை அடித்தால் வெறும் வெள்ளிச் சாம்பலாக மங்கிவிடும்.

எவ்வளவு வாங்குவது? 400 மில்லி கேன் ஒன்று, காற்றில் வீணாகப் போவதையும் சேர்த்து, இரண்டு மூன்று கோட்டிங்குக்கு ஒன்று முதல் ஒன்றரை சதுர மீட்டர் மூடும். ஒரு மடக்கு நாற்காலியின் இருக்கை, முதுகு, குழாய் எல்லாம் சேர்த்தால் முக்கால் சதுர மீட்டரைத் தாண்டும். நாற்காலிக்கு ஒரு கேன் நிறம், இரண்டு நாற்காலிக்கு ஒரு கேன் பிரைமர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நாற்காலிக்கு ஆறு கேன் ஆகிறது. இந்த இடத்தில் ஒரு முறை யோசியுங்கள். பவுடர் கோட்டிங் பட்டறையில் விலை கேட்டுவிட்டு வாருங்கள். அங்கே பொடியை மின்னேற்றித் தெளித்து 180, 200 டிகிரி சூட்டில் உருக்கி எடுப்பார்கள். துரு எடுப்பதையும் பெரும்பாலும் அவர்களே செய்துவிடுவார்கள். எந்த ஸ்ப்ரே கேனும் அந்த உறுதியைத் தராது. நான்கு நாற்காலி என்றால் செலவில் பெரிய வித்தியாசம் இருக்காது என்பது என் அனுபவம். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களை மட்டும் முன்பே கழற்றிவிட வேண்டும்.

நீங்களே அடிப்பது என்றால் ஃபேனில் தொடங்குங்கள். சின்னப் பொருள், தவறினாலும் தேய்த்துத் திரும்ப அடித்துக்கொள்ளலாம். நாற்காலிகளை அடித்த பிறகு ஒரு வாரம் யாரும் உட்காரக் கூடாது, ஒன்றன்மேல் ஒன்று சாய்க்கவும் கூடாது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும் பெயின்ட் உள்ளே இன்னும் மென்மையாகத்தான் இருக்கும். அந்த வாரம் முடிந்ததும் அடிப்பக்கத்தில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக ஆறு ஆறு கீறல் போட்டு, செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று உரியுங்கள். கட்டங்கள் அப்படியே நின்றால் பிடித்துவிட்டது. டேப்போடு கட்டங்கள் வந்தால் அந்த நாற்காலியில் சுத்தம் செய்ததில் குறை, மீதியையும் நம்பாதீர்கள். ஒவ்வொரு முறை அடித்து முடித்ததும் கேனைத் தலைகீழாகப் பிடித்து வெறும் வாயு வரும்வரை அழுத்தினால் முனை அடைக்காது. மீதமுள்ள கேனை வெயில் படும் ஜன்னலிலோ நிறுத்திய காருக்குள்ளோ வைக்கக் கூடாது, 50 டிகிரிக்கு மேல் போனால் வெடிக்கலாம். காலி கேனையும் குப்பையோடு எரிக்கக் கூடாது. கடையில் வாங்கும்போது எல்லா நிறக் கேன்களின் அடியிலும் ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். ஒரே கம்பெனியின் ஒரே கறுப்பும் வெவ்வேறு பேட்ச்சில் பளபளப்பு மாறும், நான்கு நாற்காலியைச் சேர்த்துப் போடும்போது அது தெரியும்.